இறால் பண்ணையின் வழக்கும் படுவான்கரையின் வழக்கும்

வணிகம் கடல் கடந்த காலந்தொட்டே வணிகர்தம் பிணக்குகளும் கடல் கடந்து வந்துள்ளன. ஒரு துறையில் ஏற்றிய சரக்கு மறுதுறையில் எடை குறைந்து இறங்கினாலோ, பேசிய விலை வந்துசேராவிட்டாலோ, எந்த நாட்டு மன்றிலே, எந்தச் சட்டத்தின்படி முறையிடுவது என்னும் வினா எழுகின்றது. எதிராளியின் ஊர் நீதிமன்றத்தை எந்த வணிகனும் எளிதில் நம்புவதில்லை. எனவே இருதிறத்தாரும் தாமே தெரிந்தெடுத்த நடுவரிடம் வழக்கை ஒப்படைத்து, அவர் கூறுவதை ஏற்பதென முற்கூட்டியே உடன்படும் முறை வளரலாயிற்று. இதனையே நடுத்தீர்ப்பு என்பர். பாரிஸ் நகரிலுள்ள சர்வதேச வர்த்தக சபை 1923இல் இதற்கென ஒரு மன்றினை நிறுவியது. இவ்வாறு பெறப்படும் தீர்ப்புகளைப் பிற நாட்டு நீதிமன்றங்களும் நிறைவேற்றிக்கொடுத்தல் வேண்டும் என 1958ஆம் ஆண்டின் நியூயோர்க் சமவாயம் விதித்தது. இலங்கை 1962இல் அச்சமவாயத்தை ஏற்று, 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் அதற்கு உள்நாட்டு வடிவமும் கொடுத்தது. வணிகனுக்கும் வணிகனுக்கும் இடைப்பட்ட வழக்குகளைப் பொறுத்தவரையில் இம்முறை பெருங்குறை எதுவுமின்றி இயங்கி வருகின்றது எனலாம்.

ஆயின் இன்று உலகின் பல பாகங்களிலும் வாதப் பிரதிவாதங்களை எழுப்பிநிற்பது வணிகனுக்கும் அரசுக்கும் இடைப்பட்ட பிணக்கே. அந்நிய முதலீட்டாளன் ஒருவன் இறைமையுள்ள அரசொன்றைத் தன் விருப்பப்படி சர்வதேச மன்றின்முன் நிறுத்தலாமா? நிறுத்தலாமெனில் எத்தகைய செயலுக்காக, எவ்வளவு பணத்துக்காக? அரசின் அதே செயலினால் உயிரும் உடைமையும் இழந்த அந்நாட்டுக் குடிமகனுக்கு அம்மன்றிலே இடமுண்டா? இவற்றுள் முதலிரு வினாக்களையும் பற்றி நூல்கள் பல எழுந்துள்ளன. மூன்றாவது வினா மிக அருகியே கேட்கப்படுகின்றது. அதனைக் கேட்பதற்கு மிகப் பொருத்தமான வழக்கு நெடுந்தொலைவில் இல்லை. அது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலே தோன்றியது. முதலீட்டு உடன்படிக்கையொன்றை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு உலகில் முதன்முதலாகத் தீர்க்கப்பட்ட நடுத்தீர்ப்பு வழக்கு அதுவே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. உலகெங்கும் சட்டம் பயிலும் மாணவர் அவ்வழக்கைப் படிக்கின்றனர். அது எழுந்த மண்ணின் கதையை அவருள் எத்தனை பேர் அறிவர் என்பது வேறு விடயம்.

வழக்கைப் புரிந்துகொள்வதற்கு அதன் முன்வரலாறு சிறிது தேவை. உலக வங்கியின் ஆதரவில் 1965 மார்ச் 18ஆந் திகதி வாஷிங்டனில் ஒரு சமவாயம் கையொப்பத்துக்கு வைக்கப்பட்டது. முதலீட்டுப் பிணக்குகளைத் தீர்ப்பதற்கான சர்வதேச நிலையம் அதன்வழிப் பிறந்தது. இத்திட்டம் பேசப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே, 1964இல் தோக்கியோவில் கூடிய உலக வங்கிக் கூட்டத்தில் இலத்தீன் அமெரிக்க நாடுகள் ஒருமித்து இதனை எதிர்த்தன. அந்நியனுக்கு உள்நாட்டவனிலும் மேலான உரிமை எதுவும் ஆகாது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆர்ஜென்டீனச் சட்டவறிஞர் கார்லோஸ் கல்வோ வகுத்த கொள்கை. அந்நாடுகள் அக்கொள்கையையே மீண்டும் எடுத்துக் கூறின. ஏனைய மூன்றாம் உலக நாடுகள் பல அன்று அதனைச் செவிமடுக்கவில்லை. இலங்கை 1967இல் சமவாயத்தில் இணைந்தது.

எனினும் சமவாயத்தில் இணைவதனால் மட்டும் ஓர் அரசை எவரும் மன்றுக்கு இழுக்கவியலாது. அதற்கு அரசின் எழுத்திலமைந்த சம்மதமும் வேண்டும். அச்சம்மதம் அரசுக்கும் கம்பனிக்கும் இடையில் எழுதப்பெறும் ஒப்பந்தத்தில் இருக்கும் என்றே தொடக்கத்தில் யாவரும் கருதினர். யாரோடு உறவாடுகின்றோம், யாருக்கு வாக்குக் கொடுக்கின்றோம் என்பதை அரசு அறிந்தே கையொப்பமிடும் என்பது அக்கருத்தின் உட்கிடை.

1977ஆம் ஆண்டின் ஆட்சிமாற்றத்தின் பின்னர் இலங்கையின் பொருளாதாரக் கதவு அகலத் திறக்கப்பட்டது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலேயே இதன் சுவடு பதிந்துள்ளது. அதன் 157ஆம் உறுப்புரையை ஊன்றி வாசிப்போர் சற்று வியப்படைவர். அந்நிய நாட்டுடன் செய்யப்படும் முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கையொன்று தேசிய பொருளாதார அபிவிருத்திக்கு இன்றியமையாதது எனப் பாராளுமன்றம் மூன்றிலிரண்டு பெரும்பான்மையால் தீர்மானித்துவிட்டால், அவ்வுடன்படிக்கை நாட்டின் சட்டமாகவே வலுப்பெறும். அதற்கு மாறாகப் பின்னர் சட்டமியற்றுதலோ நிருவாக நடவடிக்கை எடுத்தலோ ஆகாது. தேசிய பாதுகாப்பு ஒன்றே விதிவிலக்கு. வேறெந்த வகைச் சர்வதேச உடன்படிக்கைக்கும் அவ்வரசியலமைப்பு இத்தகைய தனியிடம் வழங்கவில்லை.

இந்தப் பின்னணியிலேயே பிரித்தானியாவுடனான முதலீட்டு உடன்படிக்கை 1980 பெப்ரவரி 13ஆந் திகதி கையொப்பமானது. அவ்வாண்டு டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த அது, 1981 ஜனவரியிலிருந்து அப்போது பிரித்தானியாவின் ஆட்சியிலிருந்த ஹொங்கொங்குக்கும் விரிக்கப்பட்டது. பிரித்தானிய முதலீட்டாளருக்கு முழுமையான பாதுகாப்பு அளிப்பதாகவும், பிணக்கு எழுந்தால் சர்வதேச நிலையத்தின் நடுத்தீர்ப்புக்கு உடன்படுவதாகவும் இலங்கை அதிலே வாக்களித்தது. கொழும்பில் எழுதப்பட்ட அந்த வாக்கு எங்கே போய்ப் பலிக்கும் என அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேல்கரையைப் படுவான்கரை என்றும் அழைத்தல் அப்பகுதி மக்களின் வழக்கம். கதிரவன் எழும் கரையிலே பட்டினமும் பாடசாலைகளும் பிரதான வீதியும் அமைந்தன. படும் கரையிலே வயலும் மேய்ச்சல் நிலமும் வாவி மீன்பிடியும் வாழ்வாயின. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்துக்குச் செல்லும் அடியார் மண்முனைத் துறையில் மிதவைப்பாதை ஏறி வாவியைக் கடந்த காலம் அண்மைவரை நீடித்தது. அங்கே பாலம் திறக்கப்பட்டது 2014இலேதான். இத்தகைய பின்தங்கிய கரையிலே எண்பதுகளின் நடுப்பகுதியில் ஓர் இறால் பண்ணை தோன்றியது. உவர்நீர்ப் பாத்திகளில் இறாலை வளர்த்து யப்பானுக்கு அனுப்புவது அதன் நோக்கம். இலங்கையிற் பதிவு பெற்ற செரண்டிப் சீஃபூட்ஸ் என்னும் கம்பனி பண்ணையை நடத்தியது. அக்கம்பனியின் பங்குகளுள் நூற்றுக்கு 48.2 வீதம் ஹொங்கொங்கைச் சேர்ந்த ஏஷியன் அக்ரிகல்ச்சரல் புரடக்ட்ஸ் என்னும் நிறுவனத்துக்கு உரியவை. சுற்றியுள்ள ஊர்களின் இளைஞர்க்கு அப்பண்ணை மாதச் சம்பளம் தந்தது. வயல் வேலையும் வலையும் தவிர வேறறியாத ஊர்களில் அதன் பெறுமதி சொல்லாமலே விளங்கும்.

1987 ஜனவரி 28ஆந் திகதி விசேட அதிரடிப்படையினர் அப்பகுதியிலே பாரிய நடவடிக்கையொன்றை மேற்கொண்டனர். அன்று மாலைக்குள் பண்ணை அழிந்தது. பண்ணையின் ஊழியர் பலரும், மகிழடித்தீவு, கொக்கட்டிச்சோலை முதலிய சுற்றுப்புற ஊர்களின் மக்களும் கொல்லப்பட்டனர். எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. அதனிலும் கூடிய தொகை கூறுவோரும் உளர். படையினர் நிராயுதபாணிகளைச் சுட்டுக் கொன்றனர் என்பது ஊரவரின் கூற்று. பண்ணை கிளர்ச்சியாளரின் தளமாகப் பயன்பட்டது என்றும், அங்கிருந்து வந்த எதிர்ப்பினால் மோதல் மூண்டது என்றும் அரசு கூறியது.

இந்த ஒரே நாளிலிருந்து இரண்டு வழக்குகள் பிறந்தன எனலாம். ஒன்று பண்ணையின் வழக்கு. மற்றது படுவான்கரையின் வழக்கு.

பண்ணையின் வழக்கு விரைந்து நடந்தது. ஹொங்கொங் நிறுவனம் 1987 மார்ச்சிலே இலங்கை அரசிடம் நட்டஈடு கோரியது. உடன்படிக்கை குறித்த மூன்று மாத காலம் இணக்கமெதுவுமின்றிக் கழிந்ததும், யூலையிலே வாஷிங்டன் நிலையத்தில் முறைப்பாட்டைச் சமர்ப்பித்தது. அந்நிறுவனத்துக்கும் இலங்கை அரசுக்கும் இடையில் நடுத்தீர்ப்புப் பற்றிய ஒப்பந்தம் எதுவும் இருக்கவில்லை. நிறுவனம் 1980ஆம் ஆண்டின் உடன்படிக்கையை நீட்டி, இலங்கையின் சம்மதம் இதில் ஏற்கெனவே எழுதப்பட்டுள்ளது என்றது. வழக்கு பதிவு செய்யப்பட்டது. ஓர் அரசு பிறிதோர் அரசுக்குப் பொதுவாகக் கொடுத்த வாக்கை, முன்பின் கண்டிராத தனியார் ஒருவர் தமக்குக் கொடுத்த சம்மதமாக எடுத்து வழக்காடலாம் என்பது இதனால் நடைமுறையாயிற்று. ஒப்பந்த உறவின்றியே நிகழும் நடுத்தீர்ப்பு என ஜான் போல்சன் என்னும் சட்டவறிஞர் 1995இல் இதனை விவரித்தார். அதன்பின் உலகெங்கும் எழுந்த இத்தகைய உடன்படிக்கை வழக்குகள் 1,300க்கு மேற்பட்டவை. அவ்வனைத்துக்கும் மூத்தது படுவான்கரையின் இறால் பண்ணை வழக்கு.

நடுத்தீர்ப்பாளர் மூவர். எகிப்தைச் சேர்ந்த அகமது எல்-கோஷெரி தலைவர். முறைப்பாட்டாளர் நியமித்தவர் பிரான்சின் பேர்தோல்ட் கோல்ட்மன். இலங்கை நியமித்தவர் கானாவின் சாமுவேல் அசாந்தே. தீர்ப்பு 1990 ஜூன் 27ஆந் திகதி வெளியானது. அத்தீர்ப்பு எடுத்தெறிந்து பேசத்தக்கதன்று. மிகுந்த நிதானத்துடன் எழுதப்பட்டதொன்று. எனவே அதன் தருக்கத்தைச் சற்று விரிவாக நோக்குதல் தகும்.

முழுமையான பாதுகாப்பு எனும் சொற்றொடரால், எந்தச் சேதம் நேரினும் அரசே பொறுப்பு என்னும் நிலை ஏற்படுகின்றது என நிறுவனம் வாதிட்டது. மன்று அதனை ஏற்கவில்லை. அரசு காப்புறுதிக் கம்பனி அன்று. தக்க கவனத்துடன் நடந்துகொள்வதே அதன் கடமை என்பது மன்றின் நிலைப்பாடு. அடுத்து, மோதலின் அவசியமின்றி அரசபடை வேண்டுமென்றே சொத்தை அழித்தால் முழு ஈடு வழங்குவதற்கு உடன்படிக்கையில் ஏற்பாடு இருந்தது. நிறுவனம் அதனையும் துணைக்கு அழைத்தது. ஆனால் பண்ணையை அழித்தோர் அரசபடையினரே என்பதையும், அது மோதலின்போது நிகழவில்லை என்பதையும் ஐயமற நிறுவுதற்கு வேண்டிய சான்றுகள் மன்றின்முன் வைக்கப்படவில்லை. ஆகவே அவ்வாதமும் தோற்றது. கண்ணால் கண்டோர் எத்தனை பேர் வாவிக்கரையில் வாழ்ந்தனர் என்பதையும், போர்க்காலத்தில் வாஷிங்டன்வரை எவர் சான்றாகச் செல்லக்கூடும் என்பதையும் இவ்விடத்தில் எண்ணாமல் இருக்கவியலாது.

மூன்றாவது படியிலேதான் இலங்கை தோற்றது. பண்ணையில் ஐயத்துக்குரிய ஊழியர் எவரேனும் இருப்பின் பெயரைக் கூறுமாறும், அவரை நீக்கிவிடுவதாகவும் பண்ணை முகாமையினர் முன்னரே அதிகாரிகளிடம் தெரிவித்திருந்தனர். அரசு அந்த வழியைப் பயன்படுத்தவில்லை. பேசித் தீர்க்கவும், சந்தேக நபரை அமைதியாக வெளியேற்றவும் வாய்ப்பிருக்க, அதனை முயன்று பாராமல் பெருந்தாக்குதலைத் தொடங்கியமை தக்க கவனத்துடன் நடக்கும் கடமைக்கு மாறானது என்று பெரும்பான்மையினர் முடிவு கூறினர். யார் சுட்டார் என்பது தெளிவாகாவிடினும், அப்பகுதி அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்த வேளையிலே சேதத்தைக் குறைப்பதற்குச் செய்யத்தக்கவற்றைச் செய்யாமை பொறுப்பை ஏற்படுத்தும் என்பது அதன் சாரம். முன்னறிந்து விசாரியாமல் ஆயுதம் எடுத்தது தவறு என்று அக்காலத்து இலங்கை அரசிடம் ஒரு சர்வதேச மன்று எழுத்திலே கூறியது சிறிய செய்தியன்று.

அசாந்தே இம்முடிவை ஏற்கவில்லை. உள்நாட்டுக் கிளர்ச்சியை எதிர்கொள்ளும் அரசொன்று எப்போது, எவ்வாறு நடவடிக்கை எடுத்தல் வேண்டும் என்பதை, நெருக்கடி கடந்தபின் தூரத்தில் அமர்ந்திருக்கும் நடுத்தீர்ப்பாளர் நிர்ணயித்தல் முறையன்று என்ற திசையில் அவரது மாறுபட்ட கருத்து அமைந்தது. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் இறைமையைக் காக்கும் அக்கறை அதில் தெரிகின்றது. அவ்வக்கறை மதிக்கத்தக்கதே. ஆயின் படுவான்கரையில் நின்று நோக்கும் ஒருவருக்கு, இறைமை என்னும் சொல் யாரைக் காத்தது என்ற கேள்வி எழாமற் போகாது.

ஈட்டுத்தொகை எவ்வளவு? நிறுவனம் கேட்டது எண்பது இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல். ஏற்றுமதி தொடங்கிச் சில மாதங்களே ஆன கம்பனிக்கு நற்பெயரின் விலையும் எதிர்கால இலாபமும் கணக்கிடத்தக்கன அல்ல என மன்று அவற்றைத் தள்ளிவிட்டது. அழிவுக்கு முந்திய நாளில் அப்பங்குகளை வாங்க முன்வரும் ஒருவன் என்ன விலை கொடுப்பான் என்பதையே அளவுகோலாகக் கொண்டு 460,000 டொலர் விதித்தது. 1987 யூலை 9ஆந் திகதியிலிருந்து நூற்றுக்குப் பத்து வட்டியும் சேர்த்தது. கேட்டதில் நூற்றுக்கு ஆறு வீதமும் அது தேறாது. அவ்வகையில் மன்று முதலீட்டாளருக்கு வாரி வழங்கியது எனக் குறை கூறுவதற்கில்லை. பின்னாளில் எழுந்த பல தீர்ப்புகளோடு ஒப்பிட்டால் இது மிக அடக்கமானது.

குறை வேறிடத்தில் உள்ளது. இவ்வழக்கின் வாயில் யாருக்குத் திறந்தது என நோக்குக. ஹொங்கொங்கில் பதிவு பெற்ற பங்காளிக்குத் திறந்தது. அதே கம்பனியில் இலங்கையர் ஒருவர் பங்கு வைத்திருந்தால் அவருக்குத் திறக்காது. உடன்படிக்கை காப்பது அந்நியரை மட்டுமே. பண்ணையின் சம்பளத்தை இழந்த தொழிலாளிக்குத் திறக்காது. பண்ணைக்குள் கொல்லப்பட்ட ஊழியரின் மனைவிக்கும் தாய்க்கும் திறக்கவே திறக்காது. அவர்கள் தீர்ப்பிலே நிகழ்ச்சி விவரத்தின் ஒரு பகுதி, சேதத்தின் சூழ்நிலை. சேதமென்று சட்டம் கண்டது பங்குகளின் பெறுமதியை மட்டுமே. கல்வோவின் சீடர்கள் 1964இல் எச்சரித்ததும் ஏறத்தாழ இதுவே. ஆயினும் அந்நியனின் உரிமை உள்நாட்டவனுடையதை இத்துணை அப்பட்டமாக விஞ்சிநிற்கும் ஓர் உதாரணத்தை அவர்களும் கற்பனை செய்திருப்பரோ என்பது ஐயமே.

இனி, படுவான்கரையின் வழக்கு. அதற்கு எந்த மன்றிலே இடமிருந்தது? அடிப்படை உரிமை மீறப்பட்டவர் உயர் நீதிமன்றத்தை நாடலாம் என 126ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஆனால் ஒரு மாதத்துக்குள் மனுச் செய்தல் வேண்டும். கொழும்புக்கான பயணமே அச்சந்தருவதாயிருந்த நாளில், இறந்தோரைப் புதைத்து முடிப்பதற்குள் அம்மாதம் ஓடிவிடும். மனுச் செய்திருப்பினும் எந்த உரிமையைச் சொல்லிக் கேட்பது? 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலே உயிர்வாழும் உரிமை என ஓர் உரிமை வெளிப்படையாக எழுதப்படவில்லை. அது ஏனைய உரிமைகளுள் உட்பொதிந்திருக்கின்றது என்றும், காவலில் இறந்தவருக்காக அவரது மனைவி வழக்கைக் கொண்டு நடத்தலாம் என்றும் உயர் நீதிமன்றம் கூறியது 2003ஆம் ஆண்டிலேதான். படுவான்கரைக்கு அத்தீர்ப்பு பதினாறு ஆண்டுகள் பிந்தி வந்தது.

நாட்டுக்கு வெளியே வழி இருந்ததா? இங்கேதான் இரு திகதிகளை அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். பிரித்தானியாவுடனான முதலீட்டு உடன்படிக்கை கையொப்பமானது 1980 பெப்ரவரியில். குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசப் பொருத்தனையில் இலங்கை இணைந்தது அதே ஆண்டு ஜூன் 11ஆந் திகதி. ஒன்று சொத்தைக் காக்கும் வாக்கு. மற்றது உயிரைக் காக்கும் வாக்கு. முதல் வாக்கை மீறினால் முதலீட்டாளர் நேரே மன்றுக்குச் செல்லலாம். இரண்டாம் வாக்கை மீறினால் தனியாள் முறையிடுவதற்கு வேறொரு விருப்புரிமை நெறிமுறையையும் அரசு ஏற்றிருத்தல் வேண்டும். இலங்கை அதனை ஏற்றது 1997 ஒக்டோபரில். அதன்பின்னராவது வழி நேரானதா? அவ்வழியாற் சென்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவிடம் சாதகமான முடிவு பெற்றுவந்த ஒருவரின் மனுவை 2006இல் உயர் நீதிமன்றம் நிராகரித்தது. சனாதிபதி அந்நெறிமுறையை ஏற்றமையே அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்பது அதன் முடிவு. முதலீட்டு உடன்படிக்கையை நாட்டின் சட்டமாக உயர்த்துதற்கு 157ஆம் உறுப்புரை எழுதப்பட்டிருக்க, உயிருக்கான உடன்படிக்கைக்கு அத்தகைய உறுப்புரை எழுதப்படாமற் போனதன் பலன் அது.

மட்டக்களப்பில் கண்ணகி வழிபாடு வேரூன்றிய ஒன்று. வைகாசி மாதத்துக் குளிர்த்தி நாள்களில் அம்மன் கோயில்கள்தோறும் கண்ணகி வழக்குரை பாடப்படுகின்றது. அப்பெயரை நோக்கினால் அதுவும் ஒரு வழக்கின் கதையே. புகாரிலிருந்து வந்த வணிகனை விசாரணையின்றிக் கொல்வித்த பாண்டியனின் வாயிலிலே, அந்நாட்டவள் அல்லாத ஒரு பெண் சிலம்பொன்றைச் சான்றாக ஏந்தி நின்றாள். உனக்கு வழக்குரைக்கும் தகைமை உண்டா என வாயிலோன் கேட்கவில்லை. மன்னன் அவளை அழைத்துக் கேட்டான். சிலம்பின் விலையைப் பெறுவதற்கு அவள் வந்தவளல்லள். ஆராயாமற் செய்த தவறு என்பதே அங்கும் குற்றச்சாட்டு. இறால் பண்ணைத் தீர்ப்பிலும் அதுவே குற்றம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, உயிருக்காகக் கேட்க வந்தவள் வாயிலைக் கடந்தாள் என்பது. இக்கதையைத் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த ஊர்களுக்கு, வாஷிங்டனின் வாயில் யாருக்குத் திறந்தது என்பது தெரியவந்தால் விளங்குவதற்குக் கடினமாகவே இருந்திருக்கும்.

இதற்கு மறுப்புக் கூறுவோர் உளர். வணிக மன்றுகள் வணிகத்துக்கே அமைந்தவை. மனித உரிமையை அங்கே தேடுவது மருந்துக்கடையில் அரிசி கேட்பது போன்றது என்பர். முதலீட்டாளர் இங்கே குற்றவாளி அல்லர் என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டுவர். இரண்டிலும் உண்மை உண்டு. ஹொங்கொங் நிறுவனமும் பாதிக்கப்பட்ட தரப்பே. அது பெற்ற ஈட்டை யாரும் பொறாமைப்பட வேண்டியதில்லை. நடுத்தீர்ப்பாளரும் தமக்குக் கொடுக்கப்பட்ட உடன்படிக்கைக்கு அப்பாற் செல்லவியலாதவர். ஆனால் மருந்துக்கடை ஒன்றே திறந்திருக்க, அரிசிக்கடை ஊரிலேயே இல்லாதபோது, எந்தக் கடையை முதலில் கட்டுவது எனத் தீர்மானித்தவர் யார் என்று கேட்பது நியாயமல்லவா? அத்தீர்மானம் நடுத்தீர்ப்பாளருடையதன்று. 1978இலும் 1980இலும் அரசு எடுத்த தீர்மானம் அது.

அரசே பின்னர் அதன் சுமையையும் உணர நேர்ந்தது. திருகோணமலை மின்னிலையத் திட்டம் பற்றிய வழக்கில் இலங்கை 2002இல் தப்பியது. ஒப்பந்தம் கைகூடுமுன் செய்த செலவு முதலீடு ஆகாது என மன்று கூறியது. ஆனால் 2008ஆம் ஆண்டின் எண்ணெய் விலைக் காப்பு ஒப்பந்தம் அவ்வாறு முடியவில்லை. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் டொய்ச் வங்கியுடன் செய்த அவ்வொப்பந்தத்தில் வங்கி கொடுக்கவேண்டிய தொகைக்கு 25 இலட்சம் டொலர் என எல்லை இருந்தது. கூட்டுத்தாபனம் இழக்கக்கூடிய தொகைக்கு எல்லை இல்லை. எண்ணெய் விலை சரிந்ததும் இழப்பு மலைபோல் உயர்ந்தது. உயர் நீதிமன்றம் இடைக்கால ஆணையால் கொடுப்பனவை நிறுத்தியது. அந்த ஆணையையே உடன்படிக்கை மீறலாகக் கொண்டு, 2012 ஒக்டோபரில் நடுத்தீர்ப்பு மன்றின் பெரும்பான்மையினர் ஏறத்தாழ ஆறு கோடி டொலரும் வட்டியும் விதித்தனர். ஒரு நாட்டின் உச்ச நீதிபீடத்தின் ஆணை மூன்று தனியாரின் மன்றிலே உரைத்துப் பார்க்கப்படுகின்றது. கடமை தவறியோர் யாராயினும் பணத்தைச் செலுத்துவோர் வரி கொடுக்கும் மக்களே. 1990இன் 460,000 டொலரும் பொதுப் பணத்திலேயே சேரும்; அப்பணத்திலே படுவான்கரை மக்கள் கடையில் வாங்கிய மண்ணெண்ணெய்க்கும் சீனிக்கும் கொடுத்த வரியும் ஓர் அணுவளவு கலந்திருக்கும்.

பிற நாடுகளும் விழித்துக்கொண்டன. பொலிவியா 2007இலும் எக்குவடோர் 2009இலும் வெனிசுவேலா 2012இலும் வாஷிங்டன் சமவாயத்தை விட்டு விலகுவதாக அறிவித்தன. எக்குவடோர் 2021இல் மீண்டும் இணைந்தது. இந்தியா 2015இல் புதிய மாதிரி உடன்படிக்கையொன்றை வகுத்து, முதலீட்டாளர் முதலில் உள்நாட்டு மன்றுகளை நாடல் வேண்டும் என விதித்து, பழைய உடன்படிக்கைகள் பலவற்றை முடிவுறுத்தியது. இவையெல்லாம் அரசுகளைக் காக்கும் முயற்சிகள். மக்களுக்கு வாயில் திறக்கும் முயற்சிகள் மிகச் சில. வழக்கில் தரப்பினரல்லாதோரும் மன்றின் அனுமதியுடன் எழுத்துமூலம் கருத்துரைக்கலாம் என 2006இல் நிலையத்தின் விதிகள் திருத்தப்பட்டன. படுவான்கரை ஊரவர்க்கு 1990இல் அவ்வாய்ப்பும் இருக்கவில்லை. ஆர்ஜென்டீனாவுக்கு எதிரான நீர்வழங்கல் வழக்கொன்றில், கம்பனி மக்களின் நீருரிமையை மீறியது எனும் அரசின் எதிர்க்கோரிக்கையைக் கேட்கும் அதிகாரம் தனக்குண்டென 2016இல் ஒரு மன்று ஏற்றது. கோரிக்கை தோற்றாலும் கதவு சற்று அசைந்தது. வணிக நிறுவனங்களால் பாதிக்கப்பட்டோர் நடுத்தீர்ப்பை நாடுவதற்கென 2019 டிசெம்பரில் ஹேக் நகரிலே தனி விதிக்கோவை ஒன்று வெளியிடப்பட்டது. அதுவும் எதிர்த்தரப்பின் சம்மதம் இருந்தாலே செல்லும். கொன்றவர் அரசின் ஆயுதம் தாங்கியவராயின் அவ்விதிகளால் பெரும்பயன் இல்லை.

2017ஆம் ஆண்டிலிருந்து ஐக்கிய நாடுகளின் சர்வதேச வணிகச் சட்ட ஆணைக்குழுவின் மூன்றாவது செயற்குழு, இம்முறைமை முழுவதையும் சீர்திருத்துவது பற்றி ஆராய்ந்து வருகின்றது. நிரந்தர முதலீட்டு நீதிமன்றம், மேன்முறையீட்டு மன்று, நடுத்தீர்ப்பாளருக்கான ஒழுக்கக்கோவை, பிறர் பணத்தில் வழக்காடுதலைக் கட்டுப்படுத்தல் முதலியன அங்கே பேசப்படுகின்றன. அக்குழுவின் பணி நடைமுறை பற்றியது. முதலீட்டு நிலத்தில் வாழ்வோரின் உயிரும் உரிமையும் என்னும் விடயம் அதன் எல்லைக்கு வெளியே விடப்பட்டுள்ளது.

மகிழடித்தீவிலே ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 28ஆந் திகதி உறவினர் கூடி விளக்கேற்றுகின்றனர். 1987ஆம் ஆண்டில் அவர்கள் எவரிடமும் சமர்ப்பிக்க இயலாதிருந்த முறைப்பாடு இன்றும் சமர்ப்பிக்கப்படாமலே இருக்கின்றது.